காரணமின்றி, ஏகமனதாக

பெருமதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே! தலைவரின் வலப்புறம் அமர்ந்து, இவள் எப்போது முடிப்பாள் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட செயலாளர் அவர்களே! எட்டு மாடிகளிலிருந்தும் இறங்கி வந்து, இந்தக் கூடத்தில் இடம் பிடித்து, இடம் பிடிக்காதவர்களுக்கும் ஒதுங்கி இடம் கொடுத்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு வந்து, அந்த ஐயத்தை முகத்தில் காட்டாமல் வீற்றிருக்கும் என் தாய்மார்களே! சுவரோரம் சாய்ந்து நிற்கும் தம்பிகளே, தங்கைகளே! மூன்றாவது வரிசையில், என்னைத் தெரியாதவர்போல உட்கார்ந்திருக்கும் என் கணவர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

  

ஒன்பது ஆண்டுகளாக இந்தக் குடியிருப்போர் சங்கத்தில் நான் இருக்கிறேன். ஆனால் எங்கே இருந்தேன்? இந்த மேடையின் இடது மூலையில், அதோ அந்தச் சின்ன மேசையில். தலைகுனிந்து உட்கார்ந்து, நீங்கள் பேசியதை எல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் கோபத்தை எழுதினேன், உங்கள் கோரிக்கையை எழுதினேன், குழாயில் தண்ணீர் வராததை எழுதினேன், வந்த தண்ணீர் நிற்காததையும் எழுதினேன். அவரவர் கருத்தை எழுதிய எனக்கென்று ஒரு கருத்து உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா?

இன்று தலைவர் ஐயா என்னைப் பேச அழைத்திருக்கிறார். "நீ எழுதுறதைத்தான்மா எல்லாரும் நம்புறாங்க. பாலத்தைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசு. அப்புறம் தீர்மானத்தை ஏகமனதா நிறைவேத்திடலாம்" என்றார். ஐயா சொன்னதில் மற்றதெல்லாம் எனக்குப் பெருமை. அந்த 'ஏகமனதா' என்ற ஒரு சொல் மட்டும் எட்டு நாட்களாக என்னைச் சாப்பிட விடவில்லை.

பாலத்தின் கதை உங்களுக்குத் தெரியாததா? ரயில் பாதைக்கு மேலே நிற்கும் நம் பழைய இரும்பு நடைப்பாலத்தை இடிப்பதா, இருக்க விடுவதா? இதுதானே இன்று ஊரை இரண்டாக்கிய கேள்வி! இடிக்க வேண்டும் என்பவர்கள் கதவில் நீலத் தாள் ஒட்டினார்கள். இருக்கட்டும் என்பவர்கள் மஞ்சள் தாள் ஒட்டினார்கள். ஒரே மாதத்தில் நம் எட்டு மாடியும் நீலமும் மஞ்சளுமாக மாறிப்போயின. என் கதவு மட்டும் வெறும் கதவாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா நிறுத்திக் கேட்டார். அக்கா, நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"ஏம்மா, உன் கதவு மட்டும் ஏன் மொட்டையா நிக்குது?"

"எனக்கு இன்னும் ஒண்ணும் தோணலக்கா."

"தோணலையா? ஊரே அடிச்சுக்குது, உனக்கு ஒண்ணும் தோணலையா? அப்படி என்னம்மா அழுத்தம் உனக்கு!"

அன்றிலிருந்து அக்கா என்னோடு அளந்துதான் பேசுகிறார். நீலக் கட்சியினர் என்னை மறைமுக மஞ்சள் என்றார்கள். மஞ்சள் கட்சியினர் வெளியே தெரியாத நீலம் என்றார்கள். என் கணவர் அதற்கும் ஒரு வழி சொன்னார்: "மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி மஞ்சள் ஒட்டிடு. பச்சைன்னு நெனச்சுக்கிட்டுப் போயிடுவாங்க."

சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படி இறங்கும்போது யாராவது மேலே ஏறி வந்தால், கைப்பையில் எதையோ தேடுவதுபோல நின்றுவிடுவேன். என்ன தேடினேன்? அடுத்தவருக்குச் சொல்ல ஒரு கருத்தைத் தேடினேன்!

முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு பொறியாளரின் அறிக்கை, அறுபது பக்கம், படித்தேன். இரும்பு அரித்துவிட்டது என்றது. இன்னொரு பொறியாளரின் அறிக்கை, எழுபது பக்கம், அதையும் படித்தேன். இன்னும் முப்பது ஆண்டு தாங்கும் என்றது. முதல் அறிக்கையைப் படித்தபோது நீலமானேன். இரண்டாவதைப் படித்தபோது மஞ்சளானேன். இரண்டையும் மூடி வைத்தபோது பழையபடி என் வெறும் கதவுக்கே திரும்பி வந்தேன். இரும்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும், அன்பர்களே? எனக்குத் தெரிந்தது கண்.

ஆம், என் தொழில் கண் பரிசோதனை. கடைத்தெருவில் கண்ணாடிக் கடையின் உள்ளறையில், விளக்கு எரியும் எழுத்துப் பலகைக்கு எதிரே, பதினேழு ஆண்டுகளாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "முதல்ல போட்டது தெளிவா, இப்பப் போட்டது தெளிவா?" உங்களில் பாதிப்பேர் என்னிடம் அந்தக் கேள்விக்கு வியர்த்தவர்கள்தானே!

ஒரு தபால்காரர் வந்தார். நல்ல மனிதர். சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒரு வில்லையைப் போட்டேன், எடுத்தேன், இன்னொன்றைப் போட்டேன்.

"முதல்ல போட்டதா, இப்பப் போட்டதா?"

"எதும்மா சரி?"

"சரி, தப்பு எதுவும் இல்லீங்க. உங்களுக்கு எது தெளிவோ அதைச் சொல்லுங்க."

"அது இல்லம்மா. எதைச் சொன்னா உங்களுக்குத் திருப்தி?"

பரீட்சை எழுத வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். இரண்டும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. ஒன்றாகத் தெரிகிறது என்று சொன்னால் நான் திட்டுவேனோ என்று பயம். அதனால் துணிந்து ஒன்றைச் சொன்னார். அடுத்ததற்கும் துணிந்தார். அவருடைய துணிவை எல்லாம் கூட்டி நான் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். "அம்மா, இறங்குற படி ஏறுற மாதிரி தெரியுது. நேத்து ஆறாம் நம்பர் கடுதாசியை எட்டாம் நம்பர்ல போட்டுட்டேன். அங்க புருஷன் பெண்டாட்டிக்குள்ள சண்டை!"

அன்று முதல், நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா ஒண்ணாத் தெரியுதுன்னு சொல்லுங்க. அதுவும் ஒரு பதில்தான்."

அதுவும் ஒரு பதில்தான், பெரியோர்களே! தெரியாததைத் தெரியாது என்று சொல்வது தவறா? புரியாததைப் புரியவில்லை என்று சொல்வது பாவமா? பார்க்காத பாலத்துக்குப் படை திரட்டு, படிக்காத அறிக்கைக்குப் பறை கொட்டு, காலையில் கேட்ட செய்திக்கு மாலைக்குள் கட்சி கட்டு என்று ஒவ்வொரு மனிதனையும் விரட்டினால், எத்தனை ஆறாம் நம்பர் கடிதங்கள் எட்டாம் நம்பர் வீட்டில் விழும்? எத்தனை வீடுகளில் வீண்சண்டை எழும்? கருத்தில்லாத வாய் கருணையில்லாத வாய் என்று யார் சொன்னது?

வேண்டாம். கை தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள், தம்பிகளே. இப்போது தட்டினால் இன்னும் ஐந்து நிமிடத்தில் அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று உங்களுக்குத் தெரியாமல் போகும். எனக்கு இப்போதே தெரியவில்லை.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு இதே கூடத்தில், இதே கூட்டத்தில், நீலமும் மஞ்சளும் இல்லாத இன்னொரு சச்சரவு நடந்தது. நினைவிருக்கிறதா? நம் லிஃப்ட்டை இயக்கிக்கொண்டிருந்த அண்ணன். 'மேலேகீழே அண்ணன்' என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்களே, அவர்தான். ஏறும் ஒவ்வொருவரையும் "மேலேயா, கீழேயா?" என்று கேட்பார். கீழ்த்தளத்தில் நின்றுகொண்டிருக்கும்போதும் கேட்பார். பதினான்கு ஆண்டுகள் கேட்டார்.

ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்கு அவர் லிஃப்ட்டில் இல்லை. பூட்டிவிட்டும் போகவில்லை. நான்காம் மாடி ஆசிரியை அம்மா தானே ஏறிப் பொத்தானை அழுத்தினார். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. நாற்பது நிமிடம். மூச்சிரைப்பு உள்ளவர். மணியை அடித்து அடித்து ஓய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா, நீங்கள் முதல் வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்காமல் இதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

கட்டடம் இரண்டுபட்டது. பொறுப்பில்லாதவன், அனுப்பிவிட வேண்டும் என்றார்கள் சிலர். பதினான்கு ஆண்டில் ஒரு தவறு, விட்டுவிடலாம் என்று படிக்கட்டில் மட்டும் சொன்னார்கள் சிலர். கூட்டத்தில் அண்ணனை இங்கே, இந்த இடத்தில் நிறுத்திக் கேட்டோம்.

"எங்கேய்யா போயிருந்தே?"

"ஒரு வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போனேங்க."

"எந்த வீடு?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "அது எதுக்குங்க. போனது நான்தானே."

வேலை நேரத்தில் யார் வீட்டுக்குள்ளும் போகக் கூடாது என்பது சங்கத்தின் விதி. அழைத்தவர் மேலும் பழி வரும் என்று அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டார். அனுப்பிவிடலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். இங்கே நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தோம். தூக்கிய கைகள் பத்தொன்பது. எதிர்ப்பவர்கள் என்றார். ஒருவர் கைபேசியைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒரு கையும் எழவில்லை. "அப்ப ஏகமனது. எழுதிக்கம்மா" என்றார் ஐயா. எழுதினேன்.

உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போனதும் என் கணவர் கேட்டார்: "நீ என்ன நினைக்கிறே?" நான் சொன்னேன்: "எனக்கு அதுல ஒரு கருத்தும் இல்லைங்க." எத்தனை மரியாதையான பதில்! எத்தனை நடுநிலையான நாக்கு!

தலைவர் ஐயாவிடமிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. 'பொருளுக்கு வரவும்' என்று எழுதியிருக்கிறார். ஐயா, வந்துவிட்டேன். வருவதற்குத்தான் எனக்கு ஓராண்டு ஆயிற்று.

எட்டு நாட்களுக்கு முன் என் உள்ளறைக் கதவு திறந்தது. நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் மேலேகீழே அண்ணன். ஓராண்டில் இளைத்துப் போயிருந்தார். ஏதோ ஒரு கிடங்கின் வாசலில் வண்டி எண்களைக் குறித்துக்கொள்ளும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அதற்குக் கண் சான்றிதழ் வேண்டுமாம்.

"முதல்ல போட்டது தெளிவாண்ணே, இப்பப் போட்டதா?"

"ரெண்டும் ஒண்ணாத்தாம்மா தெரியுது."

அவர் ஒருவர்தான் பயமில்லாமல் அப்படிச் சொன்னவர்.

சோதனை முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "பழைய இடத்துல ஏன் நிறுத்தினாங்கன்னு கடுதாசி கேட்டாங்கம்மா. சங்க ஆபீஸ்ல இதைக் கொடுத்தாங்க. என் கண்ணாடி உடைஞ்சு போச்சு, கிட்டத்து எழுத்து கூடி வரல. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

நம் குறிப்பேட்டின் நகல். என் கையெழுத்து. பதினேழு ஆண்டுகளாக ஊரையெல்லாம் படிக்கச் சொன்ன என்னை, அன்று அவர் படிக்கச் சொன்னார். படித்தேன்: 'கடமை நேரத்தில் காரணமின்றி இடத்தை விட்டு அகன்றதால், லிஃப்ட் இயக்குநரைப் பணியிலிருந்து விடுவிப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

"ஏகமனதான்னா என்னம்மா?"

"எல்லாரும்... ஒரே மனசான்னு அர்த்தம்ணே."

"எல்லாரும்னா, நீங்களுமாம்மா?"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே."

அவர் தாளை வாங்கி நான்காக மடித்தார். "ஆமாம்மா. நீங்க ஒண்ணும் சொல்லல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. கண்ணாடியின் பவரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, போய்விட்டார்.

இரண்டுமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பின்வரிசைக்கும் கேட்கட்டும். அன்று பிற்பகல் அவரைக் கூப்பிட்டது நான். அவரைக் கூப்பிட்டது நான்!

ஆறாம் மாடியில் என் வீட்டில் ஒரு பீரோ. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். இவர் வேலைக்குப் போயிருந்தார். "ரெண்டே நிமிஷம்ணே, வந்து ஒரு கை பிடிங்க" என்றேன். "லிஃப்ட்டைப் பூட்டிட்டு, 'ஓடாது'ன்னு பலகையை மாட்டிட்டு வந்துடறேம்மா" என்றார். "அதெல்லாம் எதுக்குண்ணே, ரெண்டு நிமிஷத்துக்கு" என்றேன். அதைச் சொன்னதும் நான்தான். இரண்டு நிமிடம் நாற்பது நிமிடம் ஆனது. பீரோ இழுபடும் சத்தத்தில் மணிச்சத்தம் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறை எங்கோ மணி அடித்ததுபோல இருந்தது. வேறு வீட்டு மணி என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்துக்கொண்டேனா, அது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆசிரியை அம்மா, என்னை மன்னியுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா, என் கதவு ஏன் மொட்டையாக இருக்கிறது என்று கேட்டீர்களே, என் மனக்கதவில் என்ன ஒட்டியிருந்தது என்று இப்போது தெரிந்துகொண்டீர்கள்.

அன்பார்ந்தவர்களே! எனக்குக் கருத்து இல்லை என்று சொன்னேன். பொய்யா? பொய் இல்லை, அதுதான் கொடுமை. என்னிடம் கருத்து இல்லைதான். என்னிடம் இருந்தது தகவல்! என்னிடம் இருந்தது சாட்சி! பாலத்தின் இரும்பு அரித்ததா என்பது கருத்து. அது எனக்குத் தெரியாது, தெரியாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு. பீரோவின் மறுமுனையைப் பிடித்தது யார் என்பது கருத்தா? அதில் நடுநிலை உண்டா? கண்ட கண்ணுக்குக் கட்சி வேண்டாம், உண்மை. ஆனால் கண்டதைக் கருத்து என்று பெயர் மாற்றி, கருத்து எனக்கில்லை என்று கைகழுவி, கௌரவமாக வீட்டுக்குப் போனேனே, அந்தக் கௌரவத்துக்கு என்ன பெயர்? 'காரணமின்றி' என்று எழுதியது யார்? காரணம் எழுதியது, ஐயா! காரணமே பேனாவைப் பிடித்துக் 'காரணமின்றி' என்று எழுதியது!

ஐயா எழுந்திருக்க வேண்டாம். இன்னும் இரண்டே வேண்டுகோள், முடித்துவிடுகிறேன்.

பாலத்தைப் பற்றிய தீர்மானம் இன்று வரும். நீலமா என்று கேளுங்கள், எண்ணுங்கள். மஞ்சளா என்று கேளுங்கள், எண்ணுங்கள். மூன்றாவதாக, இன்னும் தெரியவில்லை என்பவர்களையும் கேட்டு எண்ணுங்கள். நான் அதில்தான் கை தூக்குவேன். வெட்கப்படாமல் தூக்குவேன். எங்களைக் கூரையைப் பார்க்க வைத்துவிட்டு, எங்கள் மௌனத்தையும் சேர்த்து 'ஏகமனது' என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டாவது. வழக்கம்போல, என் பேச்சு முடிந்ததும் சென்ற ஆண்டுக் குறிப்பு வாசிக்கப்படும். "ஏற்கிறீர்களா?" என்று தலைவர் கேட்பார். தேநீர் ஆறிவிடும் என்ற அவசரத்தில் "ஏற்கிறோம், ஏற்கிறோம்" என்று எல்லோரும் சொல்வோம். அதன்பிறகு அது மாற்ற முடியாத பதிவு. திருத்த வேண்டுமானால் அதற்கு முன்னால்தான் திருத்த வேண்டும். குறிப்பேட்டில் அடித்தல் எப்படி என்று எனக்குத் தெரியும்: ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையொப்பம். பழைய சொல் கீழே தெரிந்துகொண்டே இருக்கும். தெரியட்டும். 'காரணமின்றி' என்ற சொல்லை அடியுங்கள். 'ஏகமனதாக' என்ற சொல்லை அடியுங்கள். 'குறிப்பு எழுதுபவர் அழைத்ததால்' என்று மேலே எழுதுங்கள். அந்த நகலைக் கிடங்குக்கு அனுப்புங்கள். அங்கே வேலை நாளைக் காலையில்தான் முடிவாகிறதாம். என்னை என்ன செய்வது என்பதை அப்புறம் பேசலாம். அதில் உங்களுக்குக் கருத்து இருக்கும் என்று நம்புகிறேன்.

அந்த மூலை மேசையில் இப்போது யாரும் இல்லை. பேனாவை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன், மூடி திறந்துதான் இருக்கிறது. பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளாத ஆசிரியை அம்மாவுக்கும், மூன்றாவது வரிசையில் இப்போது எழுந்து நிற்கும் என் கணவருக்கும் நன்றி. தலைவர் ஐயா, கேளுங்கள். யாராவது ஒருவர் அந்தப் பேனாவை எடுத்து இந்த ஆண்டின் முதல் வரியை எழுதிக்கொள்ளுங்கள்: சென்ற ஆண்டுக் குறிப்பை ஏற்காதவர், ஒருவர்.

வணக்கம்.